காற்றைக் குடித்து இறுகும் பெயின்ட்

(வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்களும் மாதிரி வண்டிகள் செய்பவர்களும் சேர்ந்து கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊர் ஊராக ஓடுகிற லாரிக்குப் பெயின்ட் அடிப்பவரையும், உள்ளங்கையில் அடங்குகிற லாரிக்குப் பெயின்ட் அடிப்பவரையும் ஒரே அரங்கில் உட்கார வைத்தது நல்ல முடிவு. இவர் வாங்குவது இருபது லிட்டர் டிரம். அவர் வாங்குவது 14 மில்லி டப்பா. உள்ளே இருப்பது ஒரே குடும்பத்துச் சரக்கு, எனாமல். இவர் அறிந்ததை அவரும், அவர் அறிந்ததை இவரும் கேட்டுக்கொண்டால் இரண்டு பேர் வேலையும் உயரும்.

இன்று நான் வற்புறுத்த வந்தது ஒரே ஒரு விஷயம். எனாமல், காற்றில் இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிற பெயின்ட். இதை மனதில் வாங்கிக்கொண்டால் போதும். எவ்வளவு கனமாக அடிக்கலாம், எவ்வளவு நேரம் விட வேண்டும், எதன்மேல் எதை அடிக்கக் கூடாது, ஏன் சுருங்குகிறது, ஏன் வெளுக்கிறது என்ற எல்லாக் கேள்விக்கும் அதிலிருந்தே பதில் வந்துவிடும். பெரிய மேஸ்திரிகள் வாய்வழியாகச் சொல்லிவந்த விதிகள் எல்லாமே இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். நிறம் தருகிற நிறமித் தூள். அதைப் பிடித்து வைத்துக்கொள்கிற பிசின். பிசினை இளக்கி வைத்திருக்கிற மினரல் டர்பன்டைன் என்ற கரைப்பான். கடைசியாக, சொற்ப அளவில் உலர்த்தி. சிந்தெட்டிக் எனாமலின் பிசினுக்கு அல்கைட் என்று பெயர். கிளிசரின் அல்லது பென்டாஎரித்ரிடால், தாலிக் அன்ஹைட்ரைடு, இவற்றோடு ஒரு தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலம் சேர்த்துச் சமைத்தால் அல்கைட் கிடைக்கும். எண்ணெய் ஆளியாக இருக்கலாம், சோயாவாக இருக்கலாம், ஆமணக்காகவும் இருக்கலாம்.

ஆமணக்கு நமக்கு நெருங்கிய பயிர். உலகத்தில் அதிகமாக ஆமணக்கு விளைவிக்கிற நாடு இந்தியா. நம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆமணக்கெண்ணெயை அப்படியே தடவினால் எத்தனை நாள் ஆனாலும் காயாது. அதைச் சூடாக்கி, அதன் மூலக்கூறிலிருந்து நீரைப் பிரித்து எடுத்தபிறகு அது காயும் எண்ணெயாக மாறிவிடும். ஆளியெண்ணெய்ப் பிசின் நாள்பட மஞ்சளாகும். ஆமணக்கெண்ணெய்ப் பிசின் அவ்வளவாக மஞ்சளாகாது. அதனால் வெள்ளைக்கும் வெளிர் நிறங்களுக்கும் இந்தப் பிசின் உகந்தது.

அல்கைடுக்கு முன்னால் வண்டிகளுக்கு எதை அடித்தார்கள்? குதிரை வண்டிக் காலத்திலிருந்து வந்த எண்ணெய் வார்னிஷைத்தான். பிரஷால் ஒரு கை அடிப்பார்கள், காயவிடுவார்கள், தேய்ப்பார்கள், மறுபடி அடிப்பார்கள். ஒரு வண்டி பட்டறையைவிட்டு வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். மோட்டார் கார்களை ஆயிரக்கணக்கில் செய்யத் தொடங்கியபோது இந்த வேகம் போதவில்லை. ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. அந்தக் கறுப்பு, நிலக்கீல் வகைப் பொருளைச் சேர்த்துச் செய்த எனாமல். அடுப்பறையில் வைத்துச் சுட்டு இறுக்கினார்கள். 1923-ல் டூபான்ட் நிறுவனத்தின் டூகோ வந்தது. அது நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். நம் பட்டறையில் என்.சி. என்று சொல்கிற சரக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்ட் கார்களுக்கு அதைத்தான் முதலில் அடித்தது. சில மணி நேரத்தில் காய்ந்தது, பல நிறங்களில் கிடைத்தது. ஆனால் பல கை அடித்து, பாலிஷ் போட்டுத் தேய்த்தால்தான் பளபளக்கும். இதே காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த ராய் கீன்ல் என்ற வேதியியலாளர் எண்ணெய் சேர்த்த அல்கைட் பிசினை உருவாக்கினார். 1930-களில் அல்கைட் எனாமல் கார்களுக்கும் லாரிகளுக்கும் பரவியது. இரண்டே கையில் மூடும், பாலிஷ் போடாமலே பளபளக்கும், உலோகம் வளைந்தால் கொஞ்சம் சேர்ந்து வளையும்.

என்.சி.யும் எனாமலும் காய்கிற விதம் வேறு வேறு. இதைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். என்.சி.யில் தின்னர் ஆவியாகிப் போனால் வேலை முடிந்தது. மறுபடி தின்னரைத் தொட்டால் மறுபடி கரையும். எனாமலுக்கு இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் டர்பன்டைன் ஆவியாகும். அப்போது பெயின்ட் பிசுபிசுப்பாக நிற்கும். அடுத்த கட்டத்தில், பிசினில் இருக்கிற கொழுப்பு அமிலச் சங்கிலிகள் காற்றின் ஆக்சிஜனை ஏற்று, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாக மாறும். டப்பாவில் சேர்த்திருக்கிற கோபால்ட், சிர்கோனியம், கால்சியம் உப்புகள்தான் இந்த வேலையை விரைவுபடுத்துகிற உலர்த்திகள். வலை கட்டிய பிறகு டர்பன்டைன் ஊற்றினாலும் கரையாது. காய்கிற எண்ணெய்ப் படலத்தை நுண்தராசில் வைத்துப் பார்த்தால், ஆக்சிஜனை ஏற்றதால் அதன் எடை கூடியிருக்கும்.

சில மணி நேரத்தில் விரலில் ஒட்டாமல் போவது முதல் காய்ச்சல். மறுநாள் மெதுவாகக் கையாளலாம். உள்வரை வலை கட்டி முடிய ஒரு வாரமும் ஆகும். குளிர் காலத்தில், மழைக் காலத்தில் இன்னும் அதிகமாகும். விரலில் ஒட்டவில்லை என்பதை வைத்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் நம் தொழிலின் பெரிய சங்கடம்.

இதிலிருந்து பிறக்கிற முதல் விதி, மெல்லியதாக அடிக்க வேண்டும். ஆக்சிஜன் மேலிருந்துதான் உள்ளே இறங்க வேண்டும். கனமாக அப்பினால் காய்ச்சிய பாலில் ஏடு படிகிற மாதிரி மேலே தோல் கட்டிவிடும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். பிறகு உள்ளே இருப்பது மெல்ல இறுகும்போது மேல்தோல் சுருக்கம் சுருக்கமாக மடியும். அடித்த பெயின்ட் பாதி இறுகிய நிலையில் அடுத்த கை போட்டாலும் இதே கதிதான். புதுக் கையின் கரைப்பான் அடியில் இறங்கி, அரைகுறையாகக் கட்டிய வலையை உப்ப வைத்துத் தூக்கிவிடும். ஆகவே டப்பாவில் போட்டிருக்கிற இடைவெளியை மதியுங்கள். அது தெரியாவிட்டால் ஓர் இரவு முழுக்க விட்டு, நகத்தால் அழுத்தித் தடம் விழவில்லை என்று பார்த்து, லேசாகத் தேய்த்துவிட்டு அடியுங்கள்.

எனாமல் ஒரு கை காய்ந்தபின் நிற்கிற கனம் ஏறக்குறைய 25 முதல் 30 மைக்ரான். பிரைமர், அண்டர்கோட், மேலே இரண்டு கை எல்லாம் சேர்ந்து 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வெயிலையும் மழையையும் சாலைக் கல்லையும் தாங்கி லாரியின் இரும்பைக் காப்பது அவ்வளவுதான். இதே கணக்கை மாடல் கலைஞர்கள் வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். 72-ல் ஒரு பங்கு அளவில் செய்த வண்டியில் 100 மைக்ரான் பூச்சு இருந்தால், நிஜ வண்டியில் 7 மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயின்ட் அப்பியதற்குச் சமம். கதவு இடுக்கு அடைபடும், ரிவெட் தலைகள் மறையும். பெரிய வண்டியில் அளவோடு அடிப்பது நீடிப்புக்காக. சிறிய வண்டியில் உருவம் கெடாமல் இருப்பதற்காகவும்தான்.

இரண்டாவது விதி, எனாமல் மேல் காரமான தின்னரைக் கொண்டுபோகக் கூடாது. பழைய எனாமல் இருக்கிற கேபின் மேல் என்.சி. பட்டி பார்த்து என்.சி. பெயின்ட் அடித்தால், அதன் தின்னர் எனாமலை ஊற வைத்துப் பொரியச் செய்துவிடும். நன்றாகக் காய்ந்து இறுகிய என்.சி. மேல் எனாமல் அடிக்கலாம்; டர்பன்டைன் சாதுவான கரைப்பான், கீழே இருப்பதைத் தொடாது. கேபினில் ஏற்கெனவே என்ன அடித்திருக்கிறது என்று தெரியாவிட்டால், மறைவான இடத்தில் தின்னர் தோய்த்த துணியைச் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். கரைந்து துணியில் ஏறினால் என்.சி. கரையாமல் உப்பிச் சுருங்கினால் எனாமல். இரண்டும் நடக்கவில்லை என்றால், பெரும்பாலும் சுட்டு இறுக்கிய கம்பெனிப் பெயின்டாகவோ ஹார்டனர் சேர்த்ததாகவோ இருக்கும்.

மாடல் செய்பவர்கள் டர்பன்டைனின் இந்தச் சாதுவான குணத்தைத் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அடியில் அக்ரிலிக் அடித்துக் காயவிடுவார்கள். அதன்மேல் நீர்க்கக் கரைத்த கறுப்பு அல்லது பழுப்பு எனாமலைத் தடவுவார்கள். கதவுக் கோட்டிலும் போல்ட்டைச் சுற்றியும் அது ஓடிப்போய்த் தங்கும். மேட்டில் ஒட்டியதை, அது இறுகுவதற்குள் டர்பன்டைன் தொட்ட பிரஷால் துடைத்து எடுத்துவிடலாம். அடி நிறத்துக்கு ஒன்றும் ஆகாது. ஓடிக் களைத்த வண்டியின் அழுக்கும் எண்ணெய்க் கசிவும் அப்படித்தான் அந்தச் சின்ன வண்டியில் வந்து சேர்கின்றன.

இனி அடிவேலைக்கு வருகிறேன். லாரி பாடி என்றால் நாமக்கல்லையும் பஸ் பாடி என்றால் கரூரையும் நினைக்கிற நாட்டில், நல்ல அடிவேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கைகள் செய்வதன் காரணத்தைத்தான் நான் சொல்கிறேன். துருவின் மேல் அடித்த பெயின்ட் துருவோடுதான் ஒட்டியிருக்கும். துரு கழன்றால் அதுவும் கழன்றுவிடும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அடித்தால் சேராமல் விலகி, கண் கண்ணாகத் திறக்கும். கடலோரம் ஓடிய வண்டியில் உப்பைக் கழுவாமல் அடித்தால், அந்த உப்பு ஈரத்தை இழுத்துப் படலத்துக்கு அடியில் கொப்புளம் போடும். எனவே முதலில் பிசுக்கை எடுத்துக் கழுவுவது, பிறகு துருவைச் சுரண்டித் தேய்ப்பது, தேய்த்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடிப்பது. இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் தேய்த்தால் பிசுக்கை இரும்பின் கீறல்களுக்குள் ஏற்றிவிடுவோம்.

நாகத்தகடு, அதாவது ஜி.ஐ. ஷீட், தனிக்கதை. அல்கைடின் கொழுப்பு அமிலமும் தகட்டின் துத்தநாகமும் ஈரத்தில் சேர்ந்தால் துத்தநாக சோப்பு உண்டாகும். ஒரு மழைக்காலம் போனதும் பெயின்ட் தாள் தாளாக உரிந்து வரும். பெயின்ட் மட்டம் என்று கம்பெனியைத் திட்டுவோம். உண்மையில் தகட்டுக்கும் எனாமலுக்கும் நடுவே எட்ச் பிரைமர் இல்லாததுதான் காரணம். அலுமினியத்துக்கும் அதுவே நல்ல தொடக்கம்.

லாரியின் பின் கதவுப் பலகையை ஒருமுறை குனிந்து பாருங்கள். துரு தகட்டின் நடுவில் தொடங்குவதில்லை. தகடு மடிகிற ஓரத்தில், வெல்டிங் போட்ட கோட்டில், கொக்கி மாட்டுகிற துளையின் விளிம்பில்தான் தொடங்கும். ஈரமான பெயின்ட் தன் மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும். அதனால் கூரான ஓரத்தைவிட்டு இரண்டு பக்கமும் விலகி ஓடும். நடுவில் 100 மைக்ரான் நிற்கும்போது ஓரத்தில் அதில் பாதிகூட நிற்காது. இதற்கு மருந்து எளியது. கூரான ஓரங்களை அரம் போட்டு மழுக்குங்கள். முழுப் பரப்புக்கும் அடிப்பதற்கு முன்னால், ஓரம், வெல்டிங், ரிவெட், துளை இவற்றுக்கு மட்டும் பிரஷால் ஒரு கை கொடுத்துவிடுங்கள். ஸ்பிரே கன் போகாத இடுக்கில் பிரஷ் போகும். ஓரத்துக்குக் கொடுத்த அந்த ஒரு கை, பாடியின் ஆயுளைக் கூட்டும்.

நேரமும் முக்கியம். காலையில் தகட்டிலிருந்து பனியீரம் போனபிறகு தொடங்கி, பொழுது சாய்வதற்குள் முதல் காய்ச்சல் ஆகிவிடும்படி முடிக்க வேண்டும். மாலையில் அடித்த எனாமலின் மேல் இரவுப் பனி இறங்கினால் பளபளப்பு போய் மங்கிவிடும். உச்சி வெயிலில் கொதிக்கிற தகட்டில் அடித்தால் பரவுவதற்குள் இழுத்துக்கொண்டு பிரஷ் தடம் நிற்கும். பிரஷ் வேலைக்கு டர்பன்டைன் கொஞ்சம் போதும். ஸ்பிரேக்குச் சற்று அதிகம். மூடவில்லையே என்று கனமாகவோ, ஓடட்டும் என்று நீர்க்கவோ போகாமல், ஒரே மாதிரி கலந்து இரண்டு கையாக அடிப்பதே நல்லது.

இனி மாடல் செய்பவர்களின் மேசைக்கு வருவோம். இங்கிலாந்தின் ஹல் நகரில் 1919-ல் தொடங்கிய ஹம்ப்ரோல் நிறுவனத்தின் 14 மில்லி டப்பா, உலகெங்கும் மாடல் செய்பவர்கள் அறிந்த பொருள். அதைத் திறந்தால் மேலே எண்ணெய் தெளிந்து நிற்கும். நிறமி அடியில் களியாக உட்கார்ந்திருக்கும். குலுக்கினால் போதாது. தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டிச் சுரண்டி, குச்சியிலிருந்து ஒரே நிறமாக ஒழுகும்வரை கலக்க வேண்டும். மேட் பெயின்டில் இது இன்னும் முக்கியம். மங்கலைத் தருகிற தூள் அடியிலேயே தங்கிவிட்டால், ஒரு பக்கம் மங்கலாகவும் ஒரு பக்கம் பளபளப்பாகவும் காயும். பிளாஸ்டிக் பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி அச்சு எண்ணெயைப் போக்குங்கள். பெயின்ட்டைத் தட்டில் எடுத்து ஒன்றிரண்டு சொட்டு கரைப்பான் சேருங்கள். கதவை ஒரு பரப்பாக எடுத்து, ஈர ஓரம் காய்வதற்குள் ஒரே திசையில் இழுத்து முடியுங்கள். போன இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். எனாமல் தானே பரவிச் சமமாகிக்கொள்ளும், அதற்கு அவகாசம் கொடுங்கள். தூசு விழாமல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி, காற்று போகச் சிறு இடைவெளி விடுங்கள். அடைத்து மூடினால் ஆக்சிஜன் எங்கிருந்து வரும்?

எனாமலைப் பற்றிப் பேசுகிறவர் உயிரைப் பற்றியும் பேசியாக வேண்டும். காற்றோடு சேர்ந்து இறுகும்போது எனாமல் வெப்பம் விடும். தகட்டின் மேல் அந்த வெப்பம் கலைந்துவிடும். எண்ணெயும் பெயின்ட்டும் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் குவித்து வைத்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் துணிகளை வெளியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட இரும்பு வாளியில் போடுங்கள். இதை இன்றிரவே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து ஈயம். பழைய மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கு ஈயக் குரோமேட் நிறமியைத்தான் பெரிதும் சேர்த்தார்கள். நம் நாட்டில் 2016-ல் கொண்டுவந்த விதி, வீட்டு உபயோகப் பெயின்ட்டிலும் அலங்காரப் பெயின்ட்டிலும் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்கிறது. 2017 நவம்பர் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்த விதி வீட்டுப் பெயின்ட்டுக்கானது. லாரியில் ஏற்கெனவே ஏறியிருக்கிற பழைய பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே எண்ணி வேலை செய்யுங்கள். உலர்வாகத் தேய்க்காமல் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்தால் தூசு பறக்காது. முகத்துக்குக் கைக்குட்டை போதாது, தூசு வடிகட்டுகிற மாஸ்க் வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

எனாமல் எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று நான் சொல்லமாட்டேன். சைலன்ஸருக்கு வேண்டியது வெப்பம் தாங்குகிற தனிப் பெயின்ட். பேட்டரி அமிலம் படுகிற இடத்துக்கு இது ஆகாது. கார்களில் பல ஆண்டு வெளுக்காத பளபளப்புக்கு, ஹார்டனர் சேர்க்கிற பி.யூ., அதாவது பாலியூரிதேன் பெயின்ட் மேலானது. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூடிய அறையும் தனிக்காற்று வருகிற முகமூடியும் இல்லாமல் அதை ஸ்பிரே செய்வது ஆபத்து; நுரையீரலைத் தீராத ஆஸ்துமாவில் தள்ளிவிடும். திறந்த வெளிப் பட்டறையில் பிரஷ் பிடித்து அடிக்க, அடிபட்ட இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்ப அடிக்க, இன்றும் எனாமலுக்கு இணை குறைவு.

இறுகச் செய்த ஆக்சிஜனே எனாமலை முதுமைக்கும் கொண்டுபோகிறது. வலை ஆண்டுக்கணக்கில் மேலும் மேலும் இறுகி வளையும் தன்மையை இழக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்புப் பிசினைச் சிதைக்கும். கையால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டும். அந்தத் தூள் தெரிகிற நாள்தான் மறுபடி அடிக்க ஏற்ற நாள். அப்போது கழுவி, லேசாகத் தேய்த்து, ஒரு கை அடித்தால் போதும். வெடிப்பு விட்டுத் துரு தெரிகிறவரை காத்திருந்தால் தகடுவரை சுரண்ட வேண்டியிருக்கும். செலவு பல மடங்காகும்.

இதை லாரி உரிமையாளர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். எட்டு ஆண்டைத் தாண்டிய லாரிக்கு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றுப் பரிசோதனை உண்டு. அது எந்தத் தேதி என்று முந்திய ஆண்டே தெரியும். ஆனாலும் கடைசி வாரத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, நாளை மறுநாள் வேண்டும் என்கிறோம். பெயின்டர் என்ன செய்வார்? துருவின் மேல் அடிப்பார், ஒரே நாளில் இரண்டு கை போடுவார், சீக்கிரம் காய எதையாவது கலப்பார். பார்வைக்குப் பளபளக்கும். அடுத்த மழையில் உரியும். பழி பெயின்டர் மேல் விழும்.

இந்த வழக்கத்தை மாற்ற முடியும். எஸ்டிமேட் போடும்போது பெயின்ட் விலை, கூலி என்று எழுதுகிற அதே தாளில், காயவிட வேண்டிய நாட்களையும் ஒரு வரியாக எழுதுங்கள். பிரைமருக்கு ஒரு நாள், ஒவ்வொரு கைக்கும் ஓர் இரவு, சரக்கு ஏற்றுவதற்கு முன் சில நாள் என்று எழுதி, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். உரிமையாளர்களே, அந்த நாட்களை வாடகை இழப்பாக எண்ணாதீர்கள். பெயின்டர் சும்மா இருக்கிற நாட்கள் என்றும் எண்ணாதீர்கள். வண்டியின் மேல் பூச்சு இறுகிக்கொண்டிருக்கிற நாட்கள் அவை. அந்த நாட்களையும் சேர்த்துத்தான் ஒரு பெயின்ட் வேலை. கூலியை மறுக்காமல் கொடுப்பதுபோல அந்த நாட்களையும் மறுக்காமல் கொடுங்கள். அதற்குப் பிறகும் பூச்சு உரிந்தால் பெயின்டரைக் கேள்வி கேட்கலாம்; அவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.